தெருவிளக்கில் தொடங்கிக் கோட்டைக்குச் செல்லுங்கள்: சிறு பிள்ளைகளுக்கு அரசாங்கத்தை விளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்றால் என்ன என்று சொல்லித்தர விரும்பும் பெற்றோருக்காகவும், குடியிருப்புகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பேசுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் இதைச் செய்துவருகிறேன். உதவிக்கு வந்த பெற்றோர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விஷயம் தெரியாமல் தடுமாறியவர்கள் குறைவு. வரிசை தவறியதால் தடுமாறியவர்களே அதிகம்.

"நம் நாட்டின் பிரதமர் யார்?" என்ற கேள்வியோடு தொடங்கியவர்கள் எல்லோருக்கும் இரண்டாம் வாரமே அது பொது அறிவு வினாடி வினாவாக மாறிப்போயிற்று. பிள்ளை பெயரை மனப்பாடம் செய்துவிடும். அந்தப் பதவியில் இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் விழிக்கும். ஆகையால் இங்கே வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் வேலை, பிறகு அதைச் செய்யும் அமைப்பு, பிறகு அதற்கான பணம், அதன்பின் வாக்கு, கடைசியில்தான் சட்டமும் நீதிமன்றமும். வாரத்துக்கு ஒரு படி, படிக்கு நாற்பது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைகளின் கண் மாடிப்படியைத் தேடத் தொடங்கிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை உங்களுடைய வார்டு எண், மண்டலத்தின் பெயர், சட்டமன்றத் தொகுதியின் பெயர், நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் ஆகிய நான்கும். சொத்து வரி ரசீதையும் வாக்காளர் அட்டையையும் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் முதல் கேள்வியே "நம்ம வார்டு எது?" என்பதாகத்தான் இருக்கும், அதற்குப் பதில் தெரியாத பெரியவரிடம் அந்தப் பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்காது.

அடுத்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல்கள். எண்களின் மீது தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். பத்துப் பிள்ளைகள் கைமாற்றிப் பார்க்கப்போகும் தாள்கள் இவை. இவற்றோடு ஓர் ஓட்டல் பில், ஒரு படி புளியங்கொட்டை, ஆறு காலித் தயிர் டப்பாக்கள், ஒரு சார்ட் பேப்பர், இரண்டு நிறத்தில் ஸ்கெட்ச் பேனாக்கள், ஒரு நாற்பது பக்க நோட்டு.

ஒரு கட்டுப்பாட்டையும் முன்கூட்டியே பெரியவர்கள் தமக்குள் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். முதல் ஐந்து வாரங்களுக்கு எந்தக் கட்சியின் பெயரும், எந்தத் தலைவரின் பெயரும் சொல்லக் கூடாது. சென்னையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வீட்டின் கட்சி தெரியும். பெயர் காதில் விழுந்த நொடியில் பிள்ளைகள் தத்தம் தாத்தாவின் குரலில் பேசத் தொடங்குவார்கள். அதன்பின் அந்த மாலை நம் கையில் இல்லை.

2. முதல் வாரம்: தெருவில் ஒரு நடை

காலை ஏழு மணிக்கு முன்பு தெருவில் இறங்குங்கள். தூய்மைப் பணியாளர்கள் வேலையில் இருக்கும் நேரம் அது. மாலையில் நடந்தால் சுத்தமான தெருதான் கண்ணில் படும். அதைச் சுத்தம் செய்தவர் கண்ணில் படமாட்டார். பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கொடுங்கள்: இங்கே நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்காத பொருள் எது எது இருக்கிறது?

தெருவிளக்கு, சாலை, குப்பைத் தொட்டி, வேகத்தடை, பூங்காவின் கதவு, மழைநீர் வடிகாலின் மூடி, பேருந்து நிறுத்தம் என்று பட்டியல் நீளும். நோட்டில் அவர்களே எழுதட்டும். இந்த வாரத்தில் "அரசு" என்ற சொல்லையே நீங்கள் பயன்படுத்த வேண்டியதில்லை. சொல் முதலில் வந்தால் பிள்ளை அதற்கு ஒரு முகத்தைத் தேடும், பொருள் முதலில் வந்தால் அதைச் செய்தவரைத் தேடும் என்பதே காரணம்.

3. இரண்டாம் வாரம்: மூன்று தாள்கள், மூன்று அரசுகள்

நகல்கள் மூன்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சென்னையில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் மாநகராட்சியின் பெயர் இருக்கும். குடும்ப அட்டையில் கோபுரச் சின்னம் இருக்கும்; அதுதான் தமிழ்நாடு அரசின் முத்திரை. ஆதாரில் சிங்கங்கள் இருக்கும். எத்தனை சிங்கம் என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று என்பார்கள், நான்காவது பின்னால் நிற்கிறது என்று சொன்னால் தாளைத் திருப்பிப் பார்க்காத பிள்ளை கிடையாது. கோபுர முத்திரையில் வாய்மையே வெல்லும் என்று தமிழில் இருப்பதும், சிங்க முத்திரையின் கீழே அதே பொருளில் சத்யமேவ ஜயதே என்று தேவநாகரியில் இருப்பதும் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சுவையாக இருக்கும். பிள்ளை வேறு ஊரில் பிறந்திருந்தால் சான்றிதழுக்குப் பதிலாகச் சொத்து வரி ரசீதை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது முதல் வாரத்துப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பொருளையும் மூன்றில் ஒரு தாளின் அருகே வைக்கச் சொல்லுங்கள். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், பூங்கா ஆகியவை மாநகராட்சி. மாநகரப் பேருந்து, காவல் நிலையம், மின்சாரம், ரேஷன் கடை ஆகியவை மாநில அரசு. மின்சார ரயில், தபால் நிலையம், ரூபாய் நோட்டு ஆகியவை ஒன்றிய அரசு. மெட்ரோ ரயில் எங்கே என்று நிச்சயம் ஒரு பிள்ளை கேட்கும். அது மாநில அரசும் ஒன்றிய அரசும் கூட்டாக நடத்தும் நிறுவனம் என்பதால் அதை இரண்டு தாள்களுக்கும் நடுவில் வைக்க வேண்டும். எல்லாப் பொருளும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடாது என்பதை அவர்கள் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

பெரியவர்கள் அதிகம் தவறுவது தண்ணீரில். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஆனால் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை, அது மாநில அரசின் கீழ் வருவது. தெருவில் இரண்டு மூடிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளே ஓடும் நீரும் அதற்குப் பொறுப்பானவர்களும் வேறு. இது தெரியாமல் நானே முதல் ஆண்டில் பிள்ளைகள் முன்னிலையில் கழிவுநீர் பொங்குவதற்குத் தவறான அலுவலகத்தை அழைத்து, இது எங்கள் வேலையில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டேன்.

ஒன்றிய அரசு என்பதா, மத்திய அரசு என்பதா என்ற வாதத்தைப் பிள்ளைகள் முன் எடுக்க வேண்டாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே சொல்லுங்கள். சொல் மாறினால் நான்காவதாக ஓர் அரசு இருப்பதாக ஏழு வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ளும், நினைத்துக்கொண்டிருக்கிறது.

4. மூன்றாம் வாரம்: பணம் எங்கிருந்து வருகிறது

ஓட்டல் பில்லை இந்த வாரம் எடுங்கள். 200 ரூபாய்க்குச் சாப்பிட்டால் அடியில் சிஜிஎஸ்டி (ஒன்றிய அரசின் சரக்கு, சேவை வரி) 5 ரூபாய், எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் சரக்கு, சேவை வரி) 5 ரூபாய் என்று இரண்டு வரிகள் இருக்கும். முதல் ஐந்து ரூபாய் சிங்கத்துக்கு, இரண்டாவது ஐந்து ரூபாய் கோபுரத்துக்கு என்று சொன்னாலே போதும். மாநகராட்சிக்கு என்ன வருகிறது என்று கேட்டால் சொத்து வரி ரசீதைக் காட்டுங்கள். தன் தோசையிலிருந்தும் பணம் போகிறது என்பது பிள்ளைக்கு நம்ப முடியாத செய்தியாக இருக்கும். வரி பெரியவர்கள் மட்டும் கட்டுவது என்ற எண்ணம் அங்கேயே கலைந்துவிடும்.

பிறகு புளியங்கொட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து கொட்டை கொடுத்து, அதில் மூன்றைப் பொதுச் சட்டியில் போடச் சொல்லுங்கள். எங்கள் மாடியில் பதினொரு பிள்ளைகள். சட்டியில் முப்பத்து மூன்று இருக்க வேண்டும். எண்ணினால் முப்பத்திரண்டு. ஒரு நான்காம் வகுப்புப் பையன் வலது கையை இறுக மூடியபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. குறைந்த ஒரு கொட்டையால் எந்த டப்பா காலியாகும் என்று மற்றவர்கள் சண்டையிடத் தொடங்கியதும் அவனே கொண்டுவந்து போட்டான். வரி ஏய்ப்பு பற்றி நீங்கள் ஓர் உரை தயாரித்து வைத்திருந்தால் அதை உள்ளேயே வைத்திருங்கள்.

ஆறு டப்பாக்களில் குப்பை, தெருவிளக்கு, சாலை, பூங்கா, பள்ளி, மழைநீர் வடிகால் என்று எழுதி ஒட்டுங்கள். முப்பத்து மூன்று கொட்டைகளையும் அவர்களே பிரித்துப் போடட்டும். முதல் சுற்றில் பூங்காவுக்கே பாதி போகும்; வடிகாலுக்கு ஒன்று விழுந்தால் அதிகம். எல்லோரும் போட்டு முடித்தபின், "கார்த்திகை பிறந்துவிட்டது, மூன்று நாளாக விடாமல் மழை" என்று மட்டும் அறிவியுங்கள். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். இரண்டாம் சுற்றில் வடிகால் டப்பா நிரம்பி வழியும், குப்பை டப்பா காலியாக நிற்கும். மூன்றாம் சுற்றில்தான் பேச்சு தொடங்கும்: எதற்கு எவ்வளவு, ஏன், யார் சொன்னது. அந்தப் பேச்சுக்காகத்தான் முதல் இரண்டு சுற்றுகளும். அவற்றைத் தவிர்த்துவிட்டு நேரே மூன்றாவதற்குப் போக முயன்ற பெற்றோர் ஒருவருக்கு, பிள்ளைகள் சமமாக ஐந்தைந்து போட்டுவிட்டு எழுந்து போனதுதான் மிச்சம்.

கொட்டைகளை அதிகமாகக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் போதுமான பணம் இருந்தால் யாரும் எதையும் முடிவுசெய்யத் தேவையில்லை.

5. நான்காம் வாரம்: வாக்கு

மாதிரித் தேர்தலில் சாக்லேட்டா பிஸ்கட்டா என்று கேட்பது வழக்கம். அது பயன் தராது, ஏனெனில் தோற்றவருக்கு எந்த இழப்பும் இல்லை. அடுத்த நான்கு வாரங்களுக்குக் கடைசி அரைமணி நேரம் எந்த விளையாட்டு என்பதுபோல, முடிவு அவர்களையே கட்டுப்படுத்தும் கேள்வியை எடுங்கள். சின்னங்களாக இட்லி, முறுக்கு போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம். சூரியன், இலை, கை, தாமரை என்று எதையாவது வரைந்துவிட்டால் முதல் பிரிவில் சொன்ன கட்டுப்பாடு உடைந்துவிடும்.

வாக்கை மறைவாகவே போடச் செய்யுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் சிறிய பிள்ளைகள் அக்காவின் கையைப் பார்த்துவிட்டுத்தான் தம் கையைத் தூக்குவார்கள். முதலில் ஒருமுறை கை தூக்க வைத்து எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பிறகு அதே கேள்விக்குச் சீட்டில் எழுத வைத்தால் எண்கள் மாறும். ஏன் மாறியது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

உண்மையான தேர்தலில் இடது கை ஆட்காட்டி விரலில் மை வைப்பது ஏன், இயந்திரத்தின் அருகே உள்ள கண்ணாடிக்குள் நாம் போட்ட சின்னம் அச்சான சீட்டு 7 நொடி தெரிவது ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 18 வயதில் வாக்களிக்கலாம், 21 வயதில் கவுன்சிலருக்குப் போட்டியிடலாம், 25 வயதில் எம்.எல்.ஏ. பதவிக்குப் போட்டியிடலாம் என்றால் பிள்ளைகள் உடனே தம் வயதைக் கழித்துப் பார்ப்பார்கள். எங்கள் மாடியில் மேயர் பதவிக்கு மட்டும் நான்கு பேர் இருக்கிறார்கள்.

6. ஐந்தாம் வாரம்: வாக்கெடுக்கக் கூடாதவை

வாக்கைச் சொல்லித்தந்துவிட்டு இந்தப் படியைத் தள்ளிப்போடுவது எல்லாத் தவறுகளிலும் பெரியது. பிள்ளைகள் வாக்கை மிக வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். அடுத்த வாரமே அதைப் பயன்படுத்தவும் செய்வார்கள்.

எங்கள் தேர்தலில் கிரிக்கெட்டுக்கு ஏழு வாக்கு, கண்ணாமூச்சிக்கு நான்கு. அடுத்த சனிக்கிழமை நான் வருவதற்கு முன்பே அவர்கள் தாமாக இன்னொரு வாக்கெடுப்பை நடத்தி முடித்திருந்தார்கள்: மூன்றாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்கள் பந்து பொறுக்கலாம், மட்டை பிடிக்கக் கூடாது. எட்டுக்கு மூன்று. அந்த மூவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தண்ணீர்த் தொட்டியின் படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய பையனிடம் கேட்டால், "ஓட்டுப் போட்டுத்தான் சார் முடிவு பண்ணோம்" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. நான்தான் பாதியில் நிறுத்தியிருந்தேன்.

இந்த நிலை தானாக வராவிட்டால் நீங்களே உருவாக்கலாம்: கண்ணாடி போட்டவர்களுக்கு இன்று ஆட்டம் இல்லை என்று வாக்கெடுக்கலாமா என்று கேளுங்கள். பிறகு சார்ட் பேப்பரின் மேற்பகுதியில், வேறு நிறப் பேனாவில், எத்தனை பேர் கை தூக்கினாலும் மாற்றக் கூடாத விதிகளை அவர்களே சொல்லச் சொல்ல எழுதுங்கள். யாரையும் ஆட்டத்திலிருந்து விலக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரு முறையாவது மட்டை கிடைக்க வேண்டும் என்ற மூன்றும் எங்கள் தாளில் உள்ளன. மூன்றுக்கு மேல் போகாதீர்கள். பத்து விதி எழுதினால் அது பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையாகிவிடும்.

அரசியலமைப்புச் சட்டம் என்ற சொல்லை இப்போது சொல்லலாம். நாட்டுக்கும் இப்படி ஒரு தாள் இருக்கிறது, அது 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது, அதனால்தான் அன்று பள்ளியில் கொடியேற்றுகிறார்கள். அதில் 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை என்று எழுதியிருக்கிறது. ஊரே கூடி வாக்களித்தாலும் உன்னைப் பள்ளிக்கு வராதே என்று சொல்ல முடியாது. நாட்டின் அந்தத் தாளைப் பற்றி இதைவிட எளிதாக ஏழு வயதுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அரசியலமைப்பின் நீளத்தையும் பிரிவு எண்களையும் பெரிய வகுப்புகள் பார்த்துக்கொள்ளும்.

7. ஆறாம் வாரம்: நாம் ஒருவரை, அவர்கள் ஒருவரை

மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதாகப் பெரியவர்களிலும் பலர் நினைக்கிறார்கள். சென்னையில் 200 வார்டுகள். வார்டுக்கு ஒரு கவுன்சிலரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த 200 பேர் கூடித் தம்மில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலே போனாலும் இதே வடிவம்தான். சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பான்மையினரின் ஆதரவைப் பெற்றவர் முதலமைச்சர். மக்களவையில் 543 இடங்கள். அங்கே பெரும்பான்மை ஆதரவைப் பெற்றவர் பிரதமர்.

சார்ட்டில் மூன்று முக்கோணங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்தால் மேயருக்கு முதலமைச்சர் அண்ணன், முதலமைச்சருக்குப் பிரதமர் அப்பா என்று குடும்பம் உருவாகிவிடும். ஆளுக்கு ஒரு வேலைப் பட்டியல் உண்டு, ஒருவர் மற்றவரின் வேலைக்காரர் அல்லர் என்பதைப் படமே சொல்ல வேண்டும்.

கதைகளில் ராஜாவைக் கேட்டு வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு முதலமைச்சரும் ராஜாதான். அதை மறுத்துப் பேசாமல், "ராஜாவை வீட்டுக்குப் போ என்று யார் சொல்லலாம்?" என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்ற விதி அதற்குப் பின் தானாகப் பொருள் பெறும். ஆளுநர், மாநிலங்களவை ஆகிய இரண்டையும் பத்து வயதுக்குள் நான் தொடுவதில்லை.

8. ஏழாம் வாரம்: விதி செய்பவர், நடத்துபவர், தீர்ப்புச் சொல்பவர்

மூன்று அரசுகளையும், அரசுக்குள் இருக்கும் இந்த மூன்று வேலைகளையும் ஒரே வாரத்தில் சொல்லிவிடக் கூடாது. இரண்டும் மூன்று மூன்றாக இருப்பதால் பிள்ளைகள் கலந்துவிடுவார்கள். மாநகராட்சி விதி செய்யும், மாநில அரசு நடத்தும், டெல்லி தீர்ப்புச் சொல்லும் என்று ஒரு சிறுவன் தெளிவாக விளக்கியதைக் கேட்ட பிறகு இடையில் ஐந்து வாரம் விட்டேன்.

இதற்குத் தெருக் கிரிக்கெட்டைவிட நல்ல பாடம் கிடையாது. நம் தெருக்களில் பேட்டிங் செய்யும் அணியைச் சேர்ந்தவன்தான் அம்பயராக நிற்பான். ரன் அவுட் கேட்டால் என்ன சொல்வான் என்பது ஊருக்கே தெரியும். விதியை எழுதியவனே, ஆடுகிறவனே, அவுட்டா இல்லையா என்றும் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பேச வேண்டியதை எல்லாம் அவர்கள் பேசிவிடுவார்கள், சற்றுச் சத்தமாக.

9. எட்டாம் வாரம்: பூக்கடையிலிருந்து கோட்டை வரை

சென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு: இதுவரை பேசிய எல்லாக் கட்டடங்களையும் ஒரே காலைப் பொழுதில் வெளியிலிருந்து பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்குச் சென்ட்ரலில் இறங்குங்கள். பக்கத்திலேயே வெள்ளை நிற ரிப்பன் மாளிகை, மாநகராட்சி. அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ பூக்கடை வழியாக உயர் நீதிமன்றம். அடுத்து ராஜாஜி சாலையில் பொது அஞ்சலகம், ரிசர்வ் வங்கி, புனித ஜார்ஜ் கோட்டை. கோட்டைக்குள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் பிள்ளைகள் கேட்க வேண்டியது ஒன்றே: கோபுரமா, சிங்கமா, நம்ம வார்டா?

இந்த நடையை முதல் வாரத்தில் வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் மட்டுமே நினைவில் இருந்தது.

10. கடைசிப் படி: ஒரு புகார், முடியும் வரை

எரியாத தெருவிளக்கு, மூடி உடைந்த வடிகால் என்று உண்மையான ஒரு குறையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அது எந்த அரசின் வேலை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். மாநகராட்சியின் வேலை என்றால் 1913 என்ற எண்ணுக்குப் பெரியவர் அழைக்க வேண்டும். தெருவின் பெயர், அருகிலுள்ள கதவு எண், கம்பத்தில் எண் இருந்தால் அது ஆகியவற்றை முன்பே நோட்டில் எழுதிவைத்திருங்கள். விளையாட்டுக்காக இல்லாத குறையைச் சொல்லக் கூடாது. அந்த அழைப்புக்காக ஒருவர் உண்மையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வருவார்.

நோட்டில் நான்கு பத்திகள் போதும்: சொன்ன தேதி, புகார் எண், யாருடைய வேலை, சரியான தேதி. நான்காவது பத்தியை நீங்கள் நிரப்பாதீர்கள். பிள்ளைகள் மாலையில் போய்க் கம்பத்தின் கீழ் நின்று பார்த்துவிட்டு வந்து நிரப்பட்டும். ஒரு வாரமாகியும் விளக்கு எரியவில்லை என்றால் புதிய புகார் கொடுக்காமல், பழைய புகார் எண்ணைச் சொல்லி மறுபடியும் அழையுங்கள். அழைத்த தேதியை அதே வரியில், பழைய தேதியை அடிக்காமல், பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.